வேர் நுனியில் இரண்டு மில்லிமீட்டர்

“டீச்சர், இதில் எதுவுமே பிரியவில்லையே” என்று அந்தப் பையன் சொன்னதும் மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிளஸ் ஒன் தாவரவியல் செய்முறை வகுப்பு. வெங்காய வேரில் செல் பிரிவைப் பார்க்க வேண்டும். நானும் குனிந்து பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல் நீள நீளமான செல்கள், ஒவ்வொன்றிலும் மங்கலாக ஒரு புள்ளி. புத்தகத்தில் உள்ள நான்கு படங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. அலமாரியிலிருந்து பழைய நிரந்தர ஸ்லைடை எடுத்து வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள், வரைந்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நான்கு நிலைகளையும் கரும்பலகையில் புத்தகம் பார்க்காமல் வரைவேன். ஆனால் நானே தயாரித்த ஸ்லைடில் ஒரு செல் பிரிவதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. கண்டறியாத ஒன்றைக் கண்டதுபோல் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பெரிய பிழை என்று பட்டது. அடுத்த ஓராண்டு, வாய்த்த சனிக்கிழமைகளில் எல்லாம் ஆய்வகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். அங்கே கற்றதையும், அங்கிருந்து வெளியே வந்து ரப்பர் தோட்டத்திலும் தென்னை மூட்டிலும் கற்றதையும் எழுதுகிறேன். பள்ளியில் இந்தச் சோதனையைச் செய்யப்போகும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்படும்.

முதலில் வெங்காயம். பெரிய பல்லாரிதான் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். கடையில் வாங்கும் பல்லாரி பல நாள் கிட்டங்கியில் கிடந்து வருவதால் சில வேர் விடவே மறுக்கும். நம் வீட்டுச் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) இதற்கு நல்லது, சீக்கிரம் வேர் விடும். இரண்டும் ஒரே இனம், இரண்டிலும் ஒரு செல்லுக்கு 16 குரோமோசோம், அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் இழைகள். உள்ளியின் அடியில் காய்ந்து கிடக்கும் பழைய வேர்களை பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டும், அடித்தட்டில் வெட்டு விழக் கூடாது. பிறகு சிறிய பாட்டிலின் வாயில், அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்காரவைக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஒரு நாள் விட்டாலே தண்ணீர் நாறிவிடும், வேர் நுனி பழுப்பாகிவிடும். பழுப்பான வேரில் தேடுவது வீண்.

இரண்டு மூன்று நாளில் வேர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வெட்டிவிடுவது நல்லது. நான் மாலையில் வெட்டியபோது கிடைத்ததைவிடக் காலையில் வெட்டியதில்தான் பிரியும் செல்கள் கூடுதலாகக் கிடைத்தன. வெட்டியதும் மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டுவைக்க வேண்டும். செல் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே உறைந்து நின்றுவிடும். மறுநாள் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டால் பல வாரம் கெடாது. வகுப்பன்று அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்தது அமிலம். வேரின் செல்கள் ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கும். அந்தப் பசை இளகாமல் என்ன நசுக்கினாலும் செல்கள் கும்பலாகவே கிடக்கும். 1 நார்மல் (1N) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி சூட்டில், ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். முதல் முறை நான் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன், ஸ்லைடில் ஒரு மரத்துண்டு கிடப்பதுபோல் இருந்தது. அமிலத்தை ஆசிரியர்தான் கையாள வேண்டும். அதில் பிள்ளைகளின் ஆர்வத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பிறகு நன்றாகக் கழுவி, அசிட்டோகார்மின் சாயத்தில் போட வேண்டும். இந்த இடத்தில்தான் அன்றைய வகுப்பில் நடந்த தவறு எனக்குப் புரிந்தது. சாயம் ஏறிய வேரை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால், ஒரு முனையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கருஞ்சிவப்பாக இருக்கும். மீதி வெளிறிக் கிடக்கும். அந்தக் கருஞ்சிவப்புத் துணுக்கில் செல்கள் சிறியவை, நெருக்கமானவை, ஒவ்வொன்றையும் நியூக்ளியஸ் (உட்கரு) அடைத்துக்கொண்டிருக்கும். சாயம் பிடிப்பது நியூக்ளியஸில்தான் என்பதால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. எங்கள் பிள்ளைகள் வேரை வெட்டும்போது அந்த நுனியைக் கழிவு என்று தள்ளிவிட்டு, நீளமான பாகத்தை ஸ்லைடில் வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. பிரிவு நடக்கும் இடம் குப்பைக் கூடைக்குப் போய்விட்டது.

அந்த இரண்டு மில்லிமீட்டரை மட்டும் ஒரு சொட்டுச் சாயத்தில் வைத்துக் கவர்ஸ்லிப் மூடி, பென்சிலின் மழுங்கிய முனையால் மெல்லத் தட்ட வேண்டும். பிறகு உறிஞ்சும் தாளை மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கிழிந்துவிடும். நான் கெடுத்த ஸ்லைடுகளில் பாதி இந்த நகர்வினால் கெட்டவை.

ஒரு சனிக்கிழமை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல் பக்கம் மைக்ராஸ்கோப்பைத் திருப்பி, கண்ணாடியால் வானத்து வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு செல்லின் நடுவில் குரோமோசோம்கள் சிவப்பு இழைகளாக, இரண்டு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிர் திசையில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வோர் இழையும் நடுவில் வளைந்திருந்தது. வளைந்த இடம் முன்னே போக, இரு முனைகளும் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தன. ஒரு கொடியை நடுவில் பிடித்து ஓடையில் இழுத்தால் இரு நுனியும் பின்தங்கி வருமே, அதைப்போல. இழைகளைப் பிடித்து இழுக்கும் கதிர்நார்கள் இந்தச் சாயத்தில் தெரியாது. ஆனால் யாரோ இழுக்கிறார்கள் என்பது அந்த வளைவிலேயே தெரிந்தது. அனாஃபேஸ், நான்கு நிலைகளில் மூன்றாவது. ஒன்பது ஆண்டுகளாக நான் வரைந்த படம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வகுப்பில் படம் வரையச் சொல்வதற்கு முன் எண்ணச் சொல்கிறேன். கண்ணில் படும் நூறு செல்லில் எத்தனை செல் பிரிந்துகொண்டிருக்கிறது என்று எண்ணினால், பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். நுனியிலேயே கூடப் பெரும்பாலான செல்கள் உருண்டை நியூக்ளியஸோடு சும்மா இருப்பதாகத் தெரியும். அவை சும்மா இல்லை. எல்லா செல்லும் ஒரே சுற்றைத்தான் சுற்றுகின்றன. நாம் அந்தச் சுற்றை ஒரு நொடியில் நிறுத்திப் பார்க்கிறோம். எந்த நிலையில் அதிக செல்கள் நிற்கின்றனவோ, அந்த நிலைக்குத்தான் அதிக நேரம் ஆகிறது என்று பொருள். பஸ் நிலையத்தைப் போட்டோ எடுத்தால் நிற்கும் பஸ்கள் நிறையவும் திரும்பும் பஸ் ஒன்றிரண்டும் தெரிவதைப்போல. பிரிவது மிகக் குறுகிய வேலை, அதற்கான ஆயத்தம்தான் நீண்டது. இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஆகும். எண்ணினால் கால் மணி நேரத்தில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஆயத்தத்தில் என்ன நடக்கிறது? நம் பக்கம் பாகப்பிரிவினை நடந்தால் ஆளுக்குக் கிடைக்கும் சென்ட் குறைந்துகொண்டே போகும். செல் அப்படிப் பிரிந்தால் நான்கு பிரிவுக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பிரிவதற்கு முன்பே தன் டிஎன்ஏ முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் படியெடுத்து இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. உள்ளியின் 16 குரோமோசோமும் இரட்டை இழையாகி, பிரியும்போது ஆளுக்கு ஒரு முழுத் தொகுதியாகப் போகிறது. இந்தப் படியெடுப்பு பிரிவின்போது நடப்பதில்லை, அதற்கு வெகு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. இதை 1953ல் ஆல்மா ஹோவர்ட், ஸ்டீபன் பெல்க் என்ற இருவர் காட்டினார்கள். அவர்களும் வேர் நுனியைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஒரு வகை அவரையின் வேர். கதிரியக்க பாஸ்பரஸை உறிஞ்சவைத்து, புதிய டிஎன்ஏ எப்போது உருவாகிறது என்று பார்த்தார்கள். பாடப்புத்தகத்தில் ஜி1 (படியெடுப்புக்கு முந்திய இடைவெளி), எஸ் (படியெடுப்பு), ஜி2 (பிந்திய இடைவெளி) என்று வட்டமாக வரைந்திருப்பது அந்த அவரை வேரிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தங்கள் கையில் இருக்கும் உள்ளி வேரின்மேல் ஒரு மதிப்பு வருகிறது.

அந்தப் பையன்தான் அடுத்த கேள்வியையும் கேட்டான். பிரிவு நுனியில் இரண்டு மில்லிமீட்டரில்தான் என்றால், மீதி வேர் எப்படி நீள்கிறது?

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பெரும்பயறு (காராமணி) கொஞ்சம் ஊறவைக்கச் சொன்னேன். முளை இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் ஈரம் ஒற்றி எடுத்து, நூலில் மையைத் தோய்த்து, நுனியிலிருந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வைத்தோம். 19ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் செய்த சோதனை இது. பத்துப் பைசா செலவில்லை. ஈரத் துணியோடு கண்ணாடிக் குப்பியில் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்தோம். மேலே இருந்த கோடுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நுனியில் இருந்த ஒரு கோடும் பெரிதாக நகரவில்லை. அதற்குச் சற்று மேலே இருந்த இரண்டு மூன்று கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகி, மை நீண்டு வெளிறியிருந்தது.

நுனி செல்களைப் பெற்றுத் தருகிறது. பிறந்த செல் சற்றுப் பின்தங்கியதும் தண்ணீரை உள்ளே இழுத்து, நடுவில் ஒரு பெரிய குமிழியாகத் தேக்கிக்கொண்டு, பல மடங்கு நீள்கிறது. வேர் மண்ணுக்குள் முன்னேறுவது அந்த நீட்சியால்தான். பிரிவது ஒரு வேலை, வளர்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் குழப்பமாகச் சொல்லியிருக்கிறேன். நட்ட கன்றுக்கு முதல் வாரம் தண்ணீர் தவறினால் ஏன் அப்படியே குன்றி நிற்கிறது என்பதும் அந்த மைக்கோடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. செல் பிறந்திருக்கும், நீளத் தண்ணீர் இருக்காது.

இரண்டு வேலையும் வேறு என்றாலும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துக்கொள்கின்றன. செல் போதிய அளவு பருக்காமல் பிரிவுக்குள் இறங்குவதில்லை. ஸ்காட்லாந்தில் பால் நர்ஸ் என்பவர் ஒரு வகை ஈஸ்ட்டில், பாதி அளவிலேயே அவசரப்பட்டுப் பிரிந்துவிடும் செல்களைக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கைப் பார்க்கும் மரபணு அவற்றில் பழுதாகியிருந்தது. ‘இப்போது பிரியலாம்’ என்று உத்தரவு கொடுக்கும் புரதங்களைக் கண்டதற்காக அவருக்கும் லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட் இருவருக்கும் 2001ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்ப மாவில் நாம் போடும் ஈஸ்ட்டைத்தான் ஹார்ட்வெல் ஆராய்ந்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் நேரம் போவதைப் பார்ப்பதில்லை.

என் அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். வெயில் ஏறுவதற்குமுன் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைந்திருக்கும், பால் நன்றாக ஓடும். சிறுமியாக இருந்தபோது நானும் சிரட்டை துடைக்கப் போவேன். ஒரு நாள் கத்தியைக் கேட்டேன். கொடுத்தார். நான் இழுத்த இழுப்பில் பட்டையைத் தாண்டிக் கத்தி தடியில் பட்டது. அவர் திட்டவில்லை. “மக்களே, தடியில் காயம் பட்டால் பட்டை திரும்ப நேராக வராது” என்றார். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த மரத்தில் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக இருந்தது.

அப்பா காப்பாற்றிக்கொண்டிருந்தது கேம்பியத்தை. பட்டைக்கும் தடிக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய அடுக்கு. வேர் நுனியில் நடப்பதுபோல் அங்கேயும் செல்கள் பிரிகின்றன. உள்பக்கம் தள்ளிய செல்கள் தடியாகின்றன, வெளிப்பக்கம் தள்ளியவை பட்டையாகின்றன. வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து, சில ஆண்டு கழித்து அதே இடத்தில் மீண்டும் பால் வெட்ட முடிவது இந்த அடுக்கின் தயவால். அதனால்தான் கத்திக்கும் கேம்பியத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது விட்டுவைக்க வேண்டும். புதிதாக வெட்டப் பழகுபவர்கள் அதிகப் பாலுக்கு ஆசைப்பட்டு ஆழமாக இறங்கினால், அன்றைக்குச் சிரட்டை நிறையும், அடுத்த சுற்றுப் பட்டை போய்விடும். ஒட்டுக் கன்று கட்டும்போதும் இதே அடுக்குத்தான். மொட்டின் கேம்பியமும் தாய்க்கன்றின் கேம்பியமும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தால்தான் இரண்டின் செல்களும் பிரிந்து பெருகிக் கைகோக்கும். நம் மாவட்டத்தில் வரிசை வரிசையாக நிற்கும் ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரக ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே ஒரு தாய்மரத்தின் செல்கள் இப்படிப் பிரிந்து பிரிந்து வந்தவைதான். இதை முதன்முதலாக உணர்ந்தபோது தோட்டத்துக்குள் நடப்பதே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. எங்கள் 40 சென்ட் ரப்பரில் பாதிக்கு மேல் சாய்ந்தது. நடுவில் முறிந்து மொட்டையாக நின்ற சில மரங்களில், முறிவுக்குக் கீழே பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் வந்தது. வேலியோரம் நின்ற தென்னை ஒன்றுக்குத் தலை மட்டும்தான் ஒடிந்தது, தடி ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அம்மா தினமும் அதற்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். பயனில்லை. தென்னைக்கும் பனைக்கும் வளரும் புள்ளி ஒன்றே ஒன்று, மேலே குருத்துக்குள். பக்க மொட்டும் கிடையாது, தடியில் கேம்பியமும் கிடையாது. தென்னையில் ஏறுவதற்காகப் படி வெட்டினால் அந்தக் காயம் மரம் உள்ளவரை ஆறாமல் இருப்பதும் இதனால்தான். தயவுசெய்து தென்னையில் படி வெட்டாதீர்கள். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள். தென்னைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது.

என் சித்திக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடந்தது. மருந்துச் சீட்டில் வின்கிரிஸ்டின் என்ற பெயரைப் பார்த்தேன். நம் கடற்கரை மணலிலும் மதில் ஓரத்திலும் தானாகவே முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுப்பது. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்நார் கட்டப்படாமல் அது தடுத்துவிடும். செல் பிரிவின் நடுவழியில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். புற்று செல் உத்தரவுக்குக் காத்திராமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அடி அதற்கு அதிகமாக விழுகிறது. ஆனால் மருந்துகளுக்கு நல்ல செல், கெட்ட செல் என்று தெரியாது. முடியின் வேர், வாயின் உட்புறம், எலும்பு மஜ்ஜை என உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பிரியும் இடங்களும் அடிவாங்கும். முடி கொட்டியபோது சித்தி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர் நுனிப் படத்தை வரைந்து காட்டி, முடியின் வேரில் ஓய்ந்திருக்கும் செல்கள் மருந்து நின்றதும் மறுபடி பிரியத் தொடங்கும் என்று சொன்னேன். “அப்படியானால் வரும்” என்று மட்டும் சொன்னார். சில மாதங்களில் வந்தது, முன்பைவிடச் சுருளாக.

அப்போது ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு கதையைச் சொன்னேன். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஜமைக்காவில் இருந்து இந்தச் செடியின் இலைகள் உறையில் வந்தன. அங்கேயும் சர்க்கரைக்குத்தான் குடித்துவந்தார்கள். சோதித்ததில் சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் சரசரவென்று குறைந்தன. அந்த வழியில்தான் புற்றுநோய் மருந்து கிடைத்தது. மருத்துவமனையில் அளந்து, இரத்தக் குழாயில் ஏற்றி, வாராவாரம் இரத்தம் பார்த்துக் கொடுக்கும் மருந்தை அடுப்பில் கொதிக்கவைத்து யாரும் குடிக்கக் கூடாது. அவர் அன்றே நிறுத்தினார்.

பிளஸ் டூவுக்கு வந்ததும் அந்தப் பையன் ஒரு நாள் தாளில் சுற்றி எதையோ கொண்டுவந்தான். அவனுடைய அப்பாவும் பால் வெட்டுபவர்தான். அவரிடம் சொல்லி, புயலில் சாய்ந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் புதிதாக விழுந்த ஒரு கிளையிலிருந்து, பட்டையோடு தடியும் சேர்த்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கியிருக்கிறான். புது பிளேடால் மெல்லிய சீவலாக இருபது முறையாவது சீவினான். ஒன்று சரியாக வந்தது. பட்டைக்கும் தடிக்கும் நடுவில், தட்டையான சிறிய செல்கள் சீட்டுக்கட்டை அடுக்கியதுபோல் வரிசையாக நின்றன. வெகுநேரம் அவன் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என் கைபேசியை வாங்கி, மைக்ராஸ்கோப்பின் கண்வில்லைமேல் வைத்துப் படம் எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினான்.

மறுநாள் வகுப்புக்கு முன்பே ஆய்வக வாசலில் நின்றான். “டீச்சர், அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இதில் பால் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.”

பால் குழாய்கள் பட்டையின் உள்பகுதியில், கேம்பியத்துக்கு மிக அருகில்தான் நெருங்கிக் கிடக்கும். சூடான் 3 சாயம் போட்டால் சிவந்து தெரியும். சாயம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் பிளேடைப் பிரித்தான்.